எர்மிலோவின் வலது கை

புருஷன் எர்மிலோவின் சமாதி வாயை அடைத்திருந்த செங்கல் பூச்சில் பௌலினோ முதல் அடி அடித்ததுமே லாண்டி ஓர் எட்டு பின்வாங்கினாள். மூன்று வருடத்துக்கு முன் இதே வெட்டியான்தான் இதே துவாரத்தை அடைத்துப் பூசினார். அன்றைக்கு லாண்டி அழுத அழுகையைப் பார்த்து ஊரே உச்சுக் கொட்டியது. அழுதது உண்மைதான். ஏன் அழுதாள் என்று மட்டும் ஒரு ஜீவனும் கேட்கவில்லை. அப்பாடா, இனி இந்த ஆள் எழுந்து வரமாட்டான் என்கிற நிம்மதியில் வந்த அழுகை அது.

ஆனால் எங்கள் ஊரில் செத்தவர்களை அப்படி ஒரேயடியாகத் தலைமுழுகிவிட முடியுமா? மூன்று வருடம் ஆனதும் வெளியே எடுக்க வேண்டும். எலும்பைத் துடைத்து, பூவேலை செய்த புதுத்துணி விரித்த மரப்பெட்டியில் அடுக்கி, வெளிச்சம் படட்டும் என்று மூடியைப் பாதி திறந்தே மாடத்தில் வைக்க வேண்டும். அதற்கப்புறம் வருடா வருடம், செத்தவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் நாளுக்கு முன்னால் துணி மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் அவர்கள் அழுக்குத் துணியோடு தெருவில் நின்று, மற்றவர்கள் முன்னால் மானம் கெட்டுப்போவார்கள். இது தவிர இன்னொன்றும் உண்டு. எலும்பெடுக்கிற வரைக்கும் படையல் அம்மா வீட்டில். எலும்பெடுத்த பிறகு பெண்டாட்டி வீட்டில். அதாவது இந்த வருடம் எர்மிலோ தன் சொந்த வீட்டுக்குச் சாப்பிட வருகிறான்.

வருகிறவனுக்குச் சோறு வைப்பதில் லாண்டிக்கு ஒன்றும் வருத்தமில்லை. வெறும் சோற்றோடு போய்விடுவானா என்பதுதான் அவள் பயம். உயிரோடு இருந்தபோது, குடித்துவிட்டு வந்தால், முதலில் விரல் முட்டியால் மேஜையைத் தட்டுவான். டக், டக். அப்புறம் எழுந்திருப்பான். அடித்து ஓய்ந்ததும் "சத்தம் போடாத" என்பான், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமாம். பக்கத்து வீடு யாருடையது? அவன் அம்மா நசாரியாவுடையது. அந்தம்மா வீட்டில் சரியாக அந்த நேரம் பார்த்து ரேடியோ சத்தம் கூடும். கடைசியில் ஒருநாள் மூன்று சக்கர வண்டியோடு நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்குக் குறுக்கே போய் முடிந்துபோனான். அன்றிலிருந்துதான் லாண்டி முழுத் தூக்கம் தூங்குகிறாள். ரொட்டிக்கடையில் வேலை, ஆறு வயது மகன் ஆரோன், வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆரஞ்சு மரம். இந்த நிம்மதி போய்விடக் கூடாது, இந்தப் பிள்ளை மேல் அந்தக் கை படக் கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

"பாத்து, பாத்து! தலை இடிச்சிடப் போகுது பௌலினோ," என்றாள் மாமியார், தூங்குகிற பிள்ளையை இறக்குகிற மாதிரி.

"இனிமே இடிச்சா மட்டும் அவனுக்கு வலிக்கவா போகுது?"

"உனக்கு வலிக்கும். விளக்குமாறு என் கையிலதான் இருக்கு."

பௌலினோ சிரித்துக்கொண்டே மண்டையோட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் கொஞ்சம் முடி ஒட்டியிருந்தது. நசாரியா அதை மடியில் வைத்துக்கொண்டு தூரிகையால் மெல்லத் துடைக்க ஆரம்பித்தாள். "ஐயோ என் ராசா, எப்படி இளைச்சுட்ட பாரு. அங்க உனக்கு யாரும் சோறு போடலியா? இரு, இரு, இந்த வருஷம் உன் பொண்டாட்டி கையால சாப்பிடுவ."

லாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்து மாடத்தில் சிக்ஸ்தா தன் புருஷன் பெட்டியை இறக்கி வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் மூன்றாவது வீட்டுக்காரி. வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. "என் ஆளு பல்லப் பாருங்கடி, ஒண்ணுகூட விழல! இருந்த காலத்துல ஒருநாளாவது விளக்கியிருப்பாரா மனுஷன்?" என்று அவள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அந்த நாட்களில் இப்படித்தான், கல்யாண வீடு மாதிரி இருக்கும். லாண்டியும் சிரித்து வைத்தாள்.

"நீ என்னடி பராக்குப் பாக்குற? கையத் தொடை," என்றாள் நசாரியா. "நான் போய் அவன் அப்பா பெட்டியப் பாத்துட்டு வரேன்."

மாமனார் காலிஸ்தோவின் பெட்டியை நசாரியா யாரையும் தொட விடமாட்டாள். "என் புருஷன், எனக்குத் தெரியும்" என்று முதுகைத் திருப்பிக்கொண்டு தனியாகத்தான் துடைப்பாள். எவ்வளவு பாசம் என்று லாண்டி ஆச்சரியப்பட்டது உண்டு. இவளுக்கு அப்படி வாய்க்கவில்லை, வேறென்ன.

இடது கையைத் துடைத்தாள். ஒன்றும் தோன்றவில்லை. வலது கைக்கு வந்தாள். மணிக்கட்டுத் துண்டுகள், விரல் துண்டுகள், எல்லாம் உள்ளங்கையில் அடங்கிவிட்டன. இதுவா? இவ்வளவுதானா? சுவரோரம் அவளைத் தள்ளியது இதுதானா? மேஜையைத் தட்டியது இந்த முட்டிதானா? எதையும் யோசித்து அவள் செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். மாமியார் முதுகு திரும்பியிருந்தது. சிக்ஸ்தா பல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். லாண்டி அந்தத் துண்டுகளை இடுப்பில் கட்டிய துணிப்பையில் போட்டுக்கொண்டாள். கையில்லாமல் வரட்டும். வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். அடிக்க முடியாது அல்லவா?

நசாரியா திரும்பி வந்து பெட்டியில் அடுக்கினாள். கால் அடியில், விலா அதற்கு மேல், கைகள் பக்கவாட்டில், எல்லாவற்றுக்கும் மேல் தலை. நடுவில் ஒரு நொடி அவள் கை நின்றது. பிறகு துணியின் ஓரத்தை இழுத்து மூடிவிட்டாள். "அழகா இருக்கான்," என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் சிக்ஸ்தா அந்தப் பேச்சை எடுத்தாள். பாவி, இன்னொரு நாள் எடுத்திருக்கக் கூடாதா?

"எங்க சித்தி கதை தெரியுமில்ல உனக்கு? எலும்பெடுக்கும்போது ஒரு காறை எலும்பு எங்கயோ விழுந்துபோச்சு. எங்க மாமா மவன் பையிலயே கிடந்திருக்கு, பாவம், அவனுக்கே தெரியாது. அந்த வருஷம் முழுக்க அவன் வீட்டுல பானை மூடியெல்லாம் தானா திறந்து கிடக்குமாம். சித்தி தேடுறா! ஒரு துண்டு விட்டுப்போனாகூட அது எங்க இருக்கோ அங்கதான்டி வந்து நிப்பாங்க. சாப்பிட்டுட்டு எல்லாரும் திரும்பிப் போனாலும் அவங்க போகமாட்டாங்க."

லாண்டி நடையை எட்டிப் போட்டாள். துணிப்பை தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. திரும்பிப் போய் வைத்துவிடலாம் என்றால் மாமியார் இன்னும் அங்கேதான், மாடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாள். என்னவென்று சொல்லிப் பெட்டியைத் திறப்பது? அவனை வரவிடாமல் செய்கிறேன் பேர்வழி என்று, அவனை இடுப்பில் முடிந்து வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோமே! அட மடச்சி, மடச்சி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் போட்டு, சமையல்கொட்டகை உத்தரத்தின் மேல் தூக்கி வைத்தாள். அன்றிலிருந்து அந்தக் கொட்டகைக்குள் அவளால் முதுகைக் காட்டி நிற்க முடியவில்லை. மாவு பிசைந்தாலும் உத்தரத்தைப் பார்த்தபடியேதான். நாய் கொட்டகை வாசலோடு நின்றுகொள்ளும், உள்ளே வராது. முன்பும் அது வந்ததில்லையோ என்னவோ, இப்போதுதான் அவளுக்குக் கண்ணில் பட்டது. மறுநாள் வெயில் உச்சியில், ஊரே வலைத்தூளியில் படுத்திருந்த நேரம், மேலே சத்தம் கேட்டது. டக், டக். கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடிவந்து ஆரஞ்சு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். எலியாக இருக்கும். பல்லியாக இருக்கும். என்ன சொல்லிக்கொண்டாலும் மரத்தை விட மனம் வரவில்லை.

"அம்மா, என்னம்மா பண்ற?" என்றான் ஆரோன்.

"மரத்துல எறும்பு இருக்கான்னு பாக்குறேன்டா."

"மூஞ்சியாலயா?"

செத்த பெரியவர்கள் சாப்பிட வருகிற நாளும் வந்தது. கடையில் காலையிலிருந்து ரொட்டி கேட்டுக் கூட்டம் அம்மியது. மத்தியானம்தான் லாண்டி வீடு திரும்பினாள். மாமியார் வந்து பீப் செய்ய, அதாவது கோழியை உள்ளே வைத்து வாழையிலையில் மடிக்கும் சோள அடைக்கு, மாவு கலந்து வைப்பதாகச் சொல்லியிருந்தாள். பின்கட்டில் அதைப் புதைத்து வேகவைக்கக் குழியும் தோண்டியாகிவிட்டது, கல்லும் உள்ளே கனன்றுகொண்டிருந்தது. வாழையிலை வாட்டும் வாசனை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. கொட்டகையில் முக்காலி மேல் முக்காலி போட்டிருந்தது. லாண்டி நிமிர்ந்து பார்த்தாள். உத்தரத்தில் டப்பா இல்லை.

ஆரோன் ஆரஞ்சு மரத்தடியில் குப்புறப் படுத்திருந்தான். எதிரே மண்ணில் அந்தத் துண்டுகளை அடுக்கி வைத்திருந்தான். அவன் பாட்டுக்கு விளையாடியதில் எப்படியோ சரியாக வந்திருந்தது. மணிக்கட்டு, உள்ளங்கை, விரல்கள். விரித்து வைத்த ஒரு முழுக் கை. அதன் மேல் தன் வலது கையை விரித்து வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்! எடுடா கைய!"

பாய்ந்து போய் அவனை இழுத்தாள். இழுத்த வேகத்தில் துண்டுகள் கலைந்து சிதறின. "என்னோடது! நான் கண்டுபிடிச்சது!" என்று கத்திக்கொண்டே ஆரோன் திமிறினான். அவள் விடவில்லை. அப்போது அவன் கை பின்னால் போய் வந்தது. பளாரென்று அவள் கன்னத்தில் விழுந்தது. சின்னக் கைதான், அடியில் ஒன்றுமில்லை. ஆனால் லாண்டி வீரிட்டுவிட்டாள். பிள்ளை அவளையே பார்த்தான். முகத்தில் அழுகை இல்லை, கோபம்கூட இல்லை.

"சத்தம் போடாத," என்றான்.

லாண்டி அவனை விட்டுவிட்டாள். அப்பன் சாகும்போது இவனுக்கு மூன்று வயது. அடி விழும்போதெல்லாம் இவன் தூங்குகிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இது எங்கிருந்து வந்தது? யார் வாயிலிருந்து வந்தது?

"ஆரோன், உள்ள போ," என்று சுவருக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது. நசாரியா நின்றிருந்தாள், கையில் பாதி வாட்டிய வாழையிலையோடு. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பையன் உள்ளே போனதும், சுவர் உடைசல் வழியாக இந்தப் பக்கம் வந்து மண்ணில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்டி," என்றாள். "அடுக்கும்போதே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா?"

லாண்டி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, நிமிர்ந்தாள். "தெரிஞ்சா என்ன அத்தை? அவர் அடிச்சதும் உங்களுக்குத் தெரியும். ரேடியோவ சத்தமா வைப்பீங்களே."

நசாரியாவின் வாய் கோணியது. மடியை முடிந்துகொண்டு, "வா எங்கூட," என்று எழுந்தாள்.

மாமியார் கொட்டகையில் மூன்று கல் கூட்டிய அடுப்பு. அந்தம்மா நெருப்பைத் தள்ளிவிட்டு, சாம்பலை வழித்து, கத்தியால் கல்லுக்கு நடுவில் தோண்ட ஆரம்பித்தாள். லாண்டி பார்த்துக்கொண்டே நின்றாள். மண்ணுக்கடியில் ஒரு சின்ன மண்சட்டி. அதற்குள் கருத்துப்போன துண்டுகள். லாண்டிக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மாமாவோடதா?"

"வலது கை. உன்ன மாதிரியேதான். எலும்பெடுத்த அன்னைக்கு மடியில போட்டுக்கிட்டு வந்துட்டேன். அந்த ஆளு வந்துடுவான், வந்துடுவான்னு பயந்து செத்தேன். இங்க பொதச்சு, மேல நெருப்ப மூட்டினேன். வேகட்டும்னு." நசாரியா கத்தியைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். "வேகல லாண்டி. இந்த நெருப்புல சுட்ட தொர்த்தியா ரொட்டியத் தின்னுதான் எர்மிலோ வளந்தான். அப்பன் அடிச்சத அவன் பாத்தது கூட இல்ல, பால் குடிக்கிற புள்ள அவன் அப்போ. அப்புறம் எப்படிடி? அதே கை. அதே மாதிரி தட்டுவான், மேஜைய. கல்யாணமாகி மொத தடவ அந்தச் சத்தம் சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டப்ப, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த ஆள நான் அனுப்பல. நான்தான் வீட்டுக்குள்ளயே வச்சு வளத்திருக்கேன். அத எப்படிக் காதால கேப்பேன்? ரேடியோவத்தான் திருகினேன்."

லாண்டிக்கு அந்தம்மா மேல் கோபம் பொங்கியது. பரிதாபமும் வந்தது. இரண்டையும் மிஞ்சிக்கொண்டு பயம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆரோன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான், தகரமோ, மேஜையோ.

"எந்திரிங்க அத்தை," என்றாள். "இது இங்க இருக்கக் கூடாது. இப்பவே போலாம்."

ரொட்டிப் பையில் எர்மிலோவின் துண்டுகளையும் அந்தச் சட்டியையும் போட்டுக்கொண்டு, ஆரோனைச் சிக்ஸ்தாவிடம் விட்டார்கள். அவளா சும்மா விடுவாள்?

"மாமியாரும் மருமகளும் சேர்ந்து எங்க கிளம்பிட்டீங்க? பையில என்ன, ரொட்டியா? எனக்கொண்ணு குடேன்."

"பழசுடி. கல்லு மாதிரி இருக்கு, உன் பல்லுக்கு ஆவாது," என்றாள் நசாரியா. நடை மட்டும் நிற்கவில்லை.

கல்லறைத் தோட்டம் வெறிச்சோடிக் கிடந்தது. எல்லோரும் வீட்டில் அவரவர் ஆட்களை வரவேற்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். மாடங்களில் வரிசையாகப் புதுத்துணி, பாதி திறந்த மூடிகள், வெளியே பார்க்கிற மண்டையோடுகள். இத்தனை நாளும் வேடிக்கையாகப் பார்த்த இடம்தான். இன்று லாண்டிக்கு அத்தனை பேரும் அவளையே பார்ப்பது போலிருந்தது. எர்மிலோவின் பெட்டியை இறக்கினாள். துணி ஓரத்தில் அவள் தைத்த பெயரும் பூவும் இருந்தன. துணியை விலக்க அவள் விரல் வரமாட்டேன் என்றது. உள்ளே கை விட்டால் பிடித்துக்கொள்வானோ? இழுத்துவிடுவானோ?

கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள். மணிக்கட்டு இடத்தில் ஒவ்வொன்றாக வைத்தாள். யாரும் பிடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது, அந்தத் துணியைப் பார்த்தபடியே, மூன்று வருடமாகச் சொல்லாதது அவள் வாயில் வந்தது.

"எர்மிலோ, இந்தா உன் கை. இது உன்னோடது, நீயே வச்சுக்க. என் புள்ளகிட்ட இருந்து இத வாங்கிட்டேன். இன்னைக்கு வா, உனக்குப் பிடிச்ச மாதிரி காரமா செய்யுறேன். வந்து சாப்பிடு. ஆனா ஒண்ணு, கைய நீட்டின, அடுத்த வருஷம் துணி மாத்த நான் வரமாட்டேன். உன் அம்மாவும் எத்தனை காலத்துக்கு? அழுக்குத் துணியோட தெருவுல நில்லு. எல்லாரும் பாத்துச் சிரிக்கட்டும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. செத்தவனை மிரட்டுகிறாளே! ஆனால் அது உண்மைதானே என்று உடனே உறைத்தது. அவனுக்கு உடுத்திவிட இனி வேறு யார் இருக்கிறார்கள்?

நசாரியா அந்தப் பக்கம் காலிஸ்தோவின் பெட்டி முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தாள். சட்டி இன்னும் அவள் மடியில்தான் இருந்தது. "என்னால முடியாதுடி," என்றாள். லாண்டி சட்டியை வாங்கி, கரித்துண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, பெட்டிக்குள் வைத்தாள். அந்தப் பெட்டியை மாமியார் அன்றைக்குத்தான் இன்னொருத்தியைத் தொட விட்டாள்.

திரும்பி வந்து புதைத்த பீப்பை, பொழுது சாய்வதற்குள் குழியிலிருந்து எடுத்தாகிவிட்டது. மேஜையில் எர்மிலோவின் தட்டு, சூடான சாக்லெட், மெழுகுவத்தி, அவன் படம். லாண்டி கருப்பு நூல் எடுத்துக்கொண்டு ஆரோனை மடியில் இழுத்தாள். வருகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போய்விடாமல் இருக்க எல்லோரும் கட்டுவதுதான். வலது மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"வலிக்குதும்மா."

"இது யாரு கை?"

"என் கை."

"உன் கைதானே? வேற யாரோடதும் இல்லையே?"

"இல்ல. என்னோடது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன்ன அடிச்சுட்டேன்ல," என்றான். உதடு பிதுங்கியது. இப்போதுதான் அழுதான். லாண்டி அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

நசாரியா வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டு ரேடியோ சத்தமில்லாமல் கிடந்தது. தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. லாண்டியும் தாழ்ப்பாளை எடுத்துக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். மெழுகுவத்தி ஒருமுறை படுத்து எழுந்தது.

டக், டக்.

மேஜையிலிருந்துதான் வந்தது. நசாரியா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ஆரோன் அம்மா கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். லாண்டி இந்தத் தடவை மரத்தடிக்கு ஓடவில்லை. ஒரு எட்டு முன்னால் வைத்து, அவன் தட்டைச் சரியாகத் திருப்பி வைத்தாள்.

"சத்தம் போடாத," என்றாள். "சாப்பிட்டுட்டுப் போ."